ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததா? நிதானமாகப் படியுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் ஏழாவது செமஸ்டரிலேயே கேம்பஸ் இன்டர்வியூ களைகட்டிவிடும். அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் தேர்வே எழுத விடுவதில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பதும் வழக்கம். அதனால் அரியரை முதலில் முடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கோடிங்கை ஒதுக்காதீர்கள். டிசிஎஸ் ஒரே தேர்வை வைத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என மூன்று நிலைகளில் ஆள் எடுக்கிறது. கோடிங் கைகொடுத்து மேல்நிலைக்குப் போகப் போகச் சம்பளமும் நன்றாகவே கூடும்.

ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசி தொகையை (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) 12-ஆல் வகுத்து, அதுதான் மாதச் சம்பளம் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டாம். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீட்டு பிரீமியம், வேரியபிள் பே எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கிடைக்கும். "மாதம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று எச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாண்டு எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் பாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.

சேரும் தேதி எழுத்தில் இருக்கிறதா? 2022-இல் படிப்பை முடித்தவர்களில் பலர், ஆஃபர் இருந்தும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு வேலை கிடைத்ததும் அடுத்த நிறுவனத்துக்கு உட்கார விடாத கல்லூரிகளும் உண்டு. அந்த விதியை பிளேஸ்மென்ட் அலுவலரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.