அலுவல் இல்லாமல் ஒரு நாள்

சம்பூர்

அன்புள்ள மகள்,

நேற்று நீ ஃபோனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதுதான் எழுதுகிறேன். லீவுக்கு மட்டக்களப்பிலிருந்து வரும்போது பிறப்புச் சான்றிதழ் நகல் எடுக்க ரவுணுக்குப் போக வேண்டும், அந்தச் சாட்டோடு பிள்ளைகளுக்கும் திருகோணமலையைக் காட்டிவிடலாம் என்றாய். வேண்டாம் மகள். அலுவலுக்கு ஒரு நாள் தனியாகப் போ. அன்றைக்குப் பிள்ளைகள் என்னோடு நிற்கட்டும். ரவுண் பார்க்கிறதுக்கென்று வேறொரு நாள் வை.

ஏன் என்று உனக்கே தெரியும். 2008இல், இடம்பெயர்ந்து இருந்த கிளிவெட்டி முகாமிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு ரவுணில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். உன் அம்மா காய்ச்சலாகக் கிடந்தாள். உனக்குப் பத்து வயது. விடிய வெளிக்கிட்டு, வரிசையில் மத்தியானம் தாண்டியும் நின்றோம். இடத்தை விட்டால் போய்விடும் என்று உன்னை ஒண்ணுக்குக்கூட விடவில்லை. கடைசியில் சட்டையை நனைத்துவிட்டாய்; அத்தனை பேருக்கு முன்னால் ஏசினேன். வரும் வழியில் பஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் கிடந்தது. நீ திரும்பியும் பார்க்கவில்லை. கச்சேரி, ஆஸ்பத்திரி, பதிவு, கையெழுத்து: நம்முடைய சனத்துக்கு ரவுண் என்றால் இவ்வளவும்தான். உன் பிள்ளைகளுக்கும் அந்த வரிசையிலிருந்து ரவுண் தொடங்கக் கூடாது.

காலை முதல் பஸ்ஸைப் பிடி. பெரியவனை ஜன்னல் பக்கம் இருத்திப் பாலங்களை எண்ணச் சொல். இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று நான்கு பெரிய பாலங்கள் வரும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, நானூறு மீற்றருக்குக் கிட்ட நீளம். மற்ற மூன்றும் 2011இல். அதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் இறங்கி, பாதை வரும்வரை வெயிலில் காத்து நின்று, வாகனங்களோடு சேர்ந்து அக்கரைக்கு மிதந்து போவோம். 'பாதை' என்றால் தண்ணீரில் போகிற ஒன்று என்று சொன்னால் அவன் நம்பமாட்டான். சொல்லிப் பார்.

ரவுணில் இறங்கியதும் எல்லாவற்றையும் காட்டிவிட அவதிப்படாதே. மூன்று வயதுக் காலுக்கு ஒரு தெருவே பெரிய ஊர். பஸ் நிலையப் பக்கம் புள்ளிமான்கள் மாடுபோல நடந்து திரியும். சின்னவள் அதிலேயே அரை மணித்தியாலம் நின்றால் நிற்கட்டும். தின்னக் கொடுக்க மட்டும் விடாதே. குப்பையில் பொலித்தீனைத் தின்று பழகிப்போன சீவன்கள் அவை. கடைத்தெருவும் மணிக்கூட்டுக் கோபுரமும் போகிற வழிக்கு வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் குறையில்லை. வெயில் ஏறுமுன் கோட்டைக்குப் போய்விடு. அதற்குள்ளே இருக்கும் கோணேசர் மலைக் கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தத் தரை சின்னக் கால்களைச் சுட்டுவிடும்.

கோட்டை வாசலில் கல்லில் மீன் செதுக்கியிருக்கிறது. எங்கே என்று நீ காட்டாதே, பிள்ளைகளே தேடட்டும். கண்டுபிடித்த பிறகு சொல்: மலையில் இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் 1803இல் அதற்குத் தங்கள் இளவரசர் பிரட்றிக்கின் பெயரை வைத்தார்கள். இப்போதுள்ள கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. பழைய கோயிலின் தூண்கள் மலையடியில் கடலுக்குள் கிடக்கின்றன, சுழியோடிகள் 1956இல் பார்த்தார்கள். பெரியவனுக்கு இது போதும். ஒரு கிழமைக்கு உன்னைக் கேள்வியால் துளைப்பான்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. துவக்கோடு நிற்பவர்களைக் கண்டதும் உன்னை அறியாமலே உன் கை பிள்ளையின் கையை இறுக்கும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளை அதை உணரும், "ஏன் அம்மா?" என்று கேட்கும். பேச்சை மாற்றாதே. அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது சண்டை நடந்தது, பயந்தேன், இப்போது இல்லை என்று சொல். ஆறு வயதுக்கு அவ்வளவு விளங்கும்.

கோயில் வழிக் கடைகளைக் கடக்குமுன், ஆளுக்கு ஒரு சாமான், அதுவும் இறங்கும்போது என்று சொல்லிவை. காசைப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் சொல். மேலே கும்பிட்டு முடிந்ததும் தெற்குப் பக்கம் மதிலோரம் போ. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொள், கீழே செங்குத்துப் பாறை. கடலுக்கு அப்பால் ஒரு நீளமான பச்சைக் கோடு தெரியும். அதன் கிழக்கு முனையில் வெளிச்ச வீடு. அதற்கு இந்தப் பக்கம்தான் நம்முடைய சம்பூர்.

இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. 2010இல், ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த காலத்தில், ரவுணுக்கு ஒரு அலுவலாய்ப் போன நான் அந்த மதிலடிக்குப் போய் நின்றேன். நான்கு வருடமாகக் கால் வைக்க முடியாத ஊர், கைநீட்டினால் தொடலாம் போலக் கிடந்தது. பத்திரகாளி அம்பாள் கோயில் எந்தப் பக்கம், நம்முடைய கிணறு எந்தப் பக்கம் என்று மனதாலேயே அளந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் யாரிடமும் அதைக் காட்டிச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு 2015இல் ஊரின் ஒரு பகுதியும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுபட, வந்து சேர்ந்தோம். அந்த மதிலடியில் நின்று, "அங்கே பார், அதுதான் நம்முடைய ஊர்" என்று நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

அவர்கள் களைத்துவிட்டால் டச்சுக் குடாவில் முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திரும்பு. இரண்டு போத்தல் தண்ணீரும் மாற்றுடுப்பும் மறக்காதே. சட்டை நனைந்தால் ஏசாதே.

எந்த நாள் என்று முதலே சொல்லிவிடு. அன்று காலை ஒன்பது மணிக்கு நான் இங்கே கடற்கரையில் நிற்பேன், என்னுடைய வெள்ளைச் சீலையோடு. பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் என்ன தெரியப்போகிறது? ஆனாலும் பெரிய அம்மம்மா அங்கே நின்று கை காட்டுகிறா என்று பிள்ளைகளிடம் சொல். அவர்களும் காட்டட்டும்.

அன்புடன்,
பெரியம்மா