விடியுமுன் ஓர் இலை

அன்புள்ள தம்பிக்கு,

கோவில்பட்டிக் கரிசலில் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் அடுத்தடுத்து விதைத்து, இலையின் நீரியல் திறனை அளக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். எல்லாமே உச்சிவேளையில் எடுத்தவை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

விடியுமுன் போ. இருட்டு விலகுவதற்குள் முதல் இலையை அறுத்துவிட வேண்டும். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும்; நீரிழப்பு மிகக் குறைவு. அந்த நேரத்தில் இலையும் வேரைச் சுற்றியுள்ள மண்ணும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடும். ஆகவே விடியுமுன் கிடைக்கும் எண் வேருக்குக் கிடைக்கும் மண்ணைப் பற்றியது. உச்சிவேளை எண், செடி தன்னை எவ்வளவு தாழவிட்டது என்பதைச் சொல்வது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அந்தச் செடியின் குணம் இருக்கிறது.

கரிசலில் இது இன்னும் முக்கியம். தூய நீருக்குச் சுழி என்று வைத்துக்கொண்டு, காயக் காய எண் கீழே இறங்குகிறது. மழை பெய்து வடிந்த மண் சுழிக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். பயிர் மீளாமல் வாடும் எல்லையாகக் கழித்தல் 1.5 மெகாபாஸ்கல் என்று பொதுவாகக் கொள்வார்கள். கரிசலின் களி அந்த எல்லையிலும் நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் விடாது. கட்டியை உடைத்தால் கையில் ஈரம் தட்டும், செடிக்கோ ஒன்றும் கிடைக்காது. மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பேச முடியாது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். 1965இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் நீ பயன்படுத்தும் இதே அழுத்தக் கலத்தை வைத்து, செடியில் நீர் ஏறும் சைலத்தில் நீர் இழுவிசையில் நிற்பதை அளந்து காட்டினார்கள். உயரமான மரங்களின் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே டிக்சன் என்ற தாவரவியலாளர் கண்ணாடிக் கலத்தில் இதை முயன்றார்; கலம் வெடித்தது. இன்றைக்கு எஃகுதான், ஆனாலும் முகத்தை மூடிக்கு நேர் மேலே கொண்டுபோகாதே. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு பக்கவாட்டிலிருந்து லென்ஸில் பார். இலையை அறுப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் பையால் மூடிவிடு. திறந்த இலை, அறுத்த நொடியிலிருந்து காய்கிறது. ஒரே வெட்டு. வெட்டு சரியில்லை என்று இன்னொரு துண்டு நறுக்காதே, அந்த இலையை விட்டுவிட்டு வேறொன்று எடு. வெட்டு முனை மூடிக்கு வெளியே தெரியும்படி இலையைக் கலத்துக்குள் அடைத்து, அழுத்தம் ஏற்றும் நைட்ரஜனை மெதுவாகத் திற. வெட்டு முகம் கருத்து ஈரம் மினுங்கும் அந்தக் கணத்து அழுத்தம்தான் அளவு. நுரைத்து வருவது காற்று, அதைக் குறிக்காதே. அவசரப்பட்டு ஏற்றினால் எண் தாண்டிப் போய்விடும். எந்த இலை, கதிரவன் பட்டதா நிழலா, என்ன நேரம் என்பதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத எண்ணை நான் படிப்பதில்லை.

உச்சிவேளை எண் எப்படி ஏமாற்றும் என்பதற்குத் தட்டைப்பயறே போதும். பேட்ஸும் ஹாலும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், மண் காயக் காயத் தட்டைப்பயறு இலைத்துளைகளை மூடிக்கொண்டே வந்தது; இலையின் நீர்நிலையோ பெரிதாக மாறவில்லை. கலத்தை மட்டும் நம்பியவனுக்கு ஈரமான பாத்தியும் காய்ந்த பாத்தியும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். வறட்சிச் செய்தி இலை வாடுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. வேரிலும் இலையிலும் உண்டாகும் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனுக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆகவே இலைத்துளைத் திறப்பை அளக்கும் போரோமீட்டரையும் கூடவே கொண்டுபோ.

சோளத்தின் வழி வேறு. செல்லுக்குள் கரைபொருள்களைச் சேர்த்துக்கொள்ளும்; எண் தாழ்ந்த பிறகும் விறைப்பழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு, இலைத்துளையைக் கொஞ்சமேனும் திறந்து வைத்திருக்கும். மக்காச்சோளத்துக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் இரண்டு பயிரிலும் ஒரே எண் வந்தால் இரண்டும் ஒரே அளவு தவிக்கின்றன என்று எழுதிவிடாதே. சோளத்தின் தாழ்ந்த எண்ணைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது அந்தப் பயிரின் துணிச்சல்.

இலை சுருண்ட பிறகுதான் வறட்சி தொடங்கியது என்றும் எண்ணாதே. பாயர் 1970இல் மக்காச்சோளம், சோயா, சூரியகாந்தி மூன்றிலும் பார்த்தார்: கழித்தல் 0.4 மெகாபாஸ்கல் அளவுக்கு இறங்கும்போதே இலை விரிவது பெரிதும் குன்றிப்போயிற்று. ஒளிச்சேர்க்கை அதைவிடப் பிந்தித்தான் பாதிக்கப்பட்டது. செடி பச்சையாக நிமிர்ந்து நிற்கும், வளர்ச்சி மட்டும் நின்றிருக்கும். விவசாயி வரப்பில் நின்று பார்த்தால் தெரியாத இழப்பு இது. நீ அளந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மக்காச்சோளத்தில் இதன் கொடுமை பூக்கும்போது வெளிப்படும். கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூலும் நீண்டு வளர வேண்டிய திசுதான்; நீர் குறைந்தால் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மேலே மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். தட்டை ஆள் உயரம் நிற்க, கதிரில் மணி பிடிக்காமல் போவது இப்படித்தான். பொலான்யோஸும் எட்மீடஸும் மெக்சிகோவில் வறட்சிக்கான மக்காச்சோளத்தைத் தேர்ந்தபோது, மகரந்தம் உதிரும் நாளுக்கும் பட்டு நூல் தெரியும் நாளுக்கும் உள்ள இடைவெளியை முக்கிய அடையாளமாகக் கொண்டார்கள்.

புரட்டாசியில் விதைத்தது கார்த்திகையில் பூக்கும். அப்போது மழை விட்டுப்போனால், விடியலிலும் உச்சியிலும் நாள் தவறாமல் எடு; ஒவ்வொரு செடியிலும் பட்டு நூல் வெளிவந்த தேதியை அதே பக்கத்தில் எழுது. அந்த நாட்களில் நைட்ரஜன் தீர்ந்து நிற்கக் கூடாது. சிலிண்டரை இந்த வாரமே நிரப்பி வை. விடியுமுன் எடுத்த முதல் எண்களை எனக்கு அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்