கிரீன் கார்டா, குடியுரிமையா? நிக்காஹுக்கு முன் பார்க்க வேண்டிய மூன்று தேதிகள்





முன்பெல்லாம் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள் என்றால் பெரும்பாலும் வளைகுடா நாடுகள்தான். அங்கே கணக்கு எளிது. இகாமா வேலையோடு வரும், வேலை முடிந்தால் போய்விடும். சம்பளம் போதுமானதாக இருந்தால் மனைவியைக் குடும்ப விசாவில் அழைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவார்கள். நிரந்தரக் குடியிருப்பு, குடியுரிமை என்ற பேச்சே எழாது.

இப்போது பொறியியல் படித்து அமெரிக்கா போன பிள்ளைகளின் சம்பந்தங்கள் வருகின்றன. பெண் வீட்டார் எங்களிடம் கேட்பது இதுதான்: “மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு இருக்கிறதாம். பெண்ணை எப்போது அழைத்துப் போவார்?” மாப்பிள்ளை வீட்டார் கேட்பது வேறு: “குடியுரிமை வாங்கிவிட்டு அழைப்பது நல்லதா, கிரீன் கார்டிலேயே அழைப்பது நல்லதா?” இரண்டும் ஒரே கேள்விதான். மூன்று தேதிகளைத் தாளில் எழுதினால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். ஒன்று, மாப்பிள்ளை கிரீன் கார்டு பெற்ற அல்லது பெறப்போகும் தேதி. இரண்டு, நிக்காஹ் தேதி. மூன்று, அவர் குடியுரிமைக்குத் தகுதி பெறும் தேதி.

இரண்டு வாசல்கள்

அமெரிக்கச் சட்டத்தில் மனைவியை அழைக்க ஐ-130 என்ற மனுவைக் கணவர் போட வேண்டும். மனு ஒன்றுதான், ஆனால் கணவர் யார் என்பதைப் பொறுத்து அது வெவ்வேறு வாசல் வழியாகப் போகும்.

கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் மனைவி ‘நெருங்கிய உறவினர்’ வகையில் சேருவார். இந்த வகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மனுவையும் விசாவையும் பரிசீலிக்க ஆகும் காலம் மட்டுமே காத்திருப்பு. அதுவே பல மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் வரிசை என்று ஒன்று இல்லை.

கணவர் கிரீன் கார்டுக்காரர் என்றால் மனைவி ‘எஃப்2ஏ’ என்ற வகையில் சேருவார். இதில் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 88,000 இடங்கள். மனைவி, கணவர், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் எல்லாரும் அதற்குள் அடக்கம். மனு போட்ட நாள் ‘முன்னுரிமைத் தேதி’ ஆகும். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் அந்தத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை இந்த வகையில் வரிசையே இல்லாமல் இருந்தது. அந்த நாட்களில் மணமானவர்கள், “எங்களுக்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டது” என்று சொல்வது உண்மைதான். 2023 ஏப்ரலில் வரிசை மறுபடி வந்தது. காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் போனது. ஆகவே பழைய அனுபவத்தை வைத்து இன்றைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த மாதத்துப் புல்லட்டினைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

முதல் தேதி: கிரீன் கார்டுக்கு முன்னா, பின்னா?

பலருக்குத் தெரியாத செய்தி இது. மாப்பிள்ளை ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும்போது நிக்காஹ் நடந்தால், மனைவியை ஹெச்-4 விசாவில் அழைத்துச் செல்லலாம். அதே மாப்பிள்ளை கிரீன் கார்டு வாங்கிய பிறகு மணமுடித்தால் ஹெச்-4 வழி அடைபட்டுவிடும். மனைவி எஃப்2ஏ வரிசையில் நிற்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இருக்கலாம் என்றால் அதுவும் கடினம். கணவர் அங்கே நிரந்தரமாக இருப்பவர், மனைவி திரும்பி வருவார் என்பதை விசா அதிகாரி எளிதில் ஏற்கமாட்டார்.

இன்னொன்று. வேலை வழியாக வரும் கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே சட்டப்படி நிக்காஹ் நடந்திருந்தால், மனைவி கணவரோடு சேர்ந்தோ பிறகு தொடர்ந்து சென்றோ அதே வகையில் கிரீன் கார்டு பெறலாம். தனி ஐ-130 மனு தேவையில்லை. கணவரின் வகையில் இந்தியருக்கான தேதி பின்னோக்கிப் போனால் அதுவரை காத்திருக்க நேரும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

எனவே சம்பந்தம் உறுதியாகி, மாப்பிள்ளையின் கிரீன் கார்டு ஓரிரு மாதங்களில் வரும் நிலை என்றால், நிக்காஹை அதற்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பது மண்டபம் கிடைப்பதைப் பொறுத்த விஷயமல்ல. ஒரு வாரம் முன்பின் ஆனதால் மனைவியின் இரண்டு மூன்று வருடங்கள் போய்விடக் கூடும்.

இரண்டாம் தேதி: நிக்காஹ் எப்படி நடந்தது?

தேதி மட்டும் போதாது. அந்த நிக்காஹைச் சட்டம் ஏற்க வேண்டும். இதில் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, பள்ளிவாசல் தப்தரில் எழுதுவதோடு நிறுத்தக் கூடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009, எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்று வாங்குங்கள். தப்தர், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

இரண்டு, மாப்பிள்ளை அங்கிருந்து வீடியோவில் கபூல் சொல்லி நடக்கும் நிக்காஹ். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ, மணமக்கள் ஒருவர் முன்னிலையில் ஒருவர் இல்லாத திருமணத்தை, பிறகு அவர்கள் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தாலொழிய ஏற்பதில்லை.

மூன்று, ‘கே-1’ என்னும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கான விசா. இதை அமெரிக்கக் குடிமகன் மட்டுமே கோர முடியும். பெண் அங்கே போய் 90 நாட்களுக்குள் மணமுடிக்க வேண்டும். இங்கே நிக்காஹை முடித்துவிட்டு, “நிச்சயம் மட்டும்தான் ஆகியிருக்கிறது” என்று விண்ணப்பிப்பது பொய் வாக்குமூலம் ஆகிவிடும். மார்க்கத்திலும் கூடாது, சட்டத்திலும் ஆபத்து.

நான்கு, இருவரில் ஒருவருக்கு முன் திருமணம் இருந்தால் அது சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் வேண்டும். காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. தனியார் அமைப்புகள் தரும் குலாச் சான்று செல்லாது என்றும் அதே நீதிமன்றம் 2023-இல் கூறியது. நீதிமன்ற உத்தரவு இருந்தால்தான் நிம்மதி. முதல் மனைவி இருக்கும்போது இரண்டாம் மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்க வழியே இல்லை.

மூன்றாம் தேதி: குடியுரிமைக்கு எவ்வளவு காலம்?

கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆனால் குடியுரிமைக்குத் தகுதி. விண்ணப்பத்தை 90 நாட்கள் முன்னதாகவே போடலாம். அந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி எழும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் கிரீன் கார்டே கேள்விக்குரியதாகும். மனைவியோடு இருக்க ஊருக்கு வந்து நீண்ட நாள் தங்கினால் குடியுரிமை தள்ளிப்போகும். தங்காவிட்டால் மனைவி தனியாக இருப்பார். இந்த இக்கட்டை இரு வீட்டாரும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மாப்பிள்ளை 2023 ஜூனில் கிரீன் கார்டு பெற்றவர். நிக்காஹ் 2026 ஜனவரியில். அவர் 2028 மார்ச் வாக்கில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். “குடிமகன் ஆன பிறகே மனு போடுகிறேன்” என்று அவர் காத்திருந்தால், அதற்குப் பிறகுதான் மனைவியின் பரிசீலனையே தொடங்கும். நிக்காஹ் முடிந்த மாதமே மனு போட்டுவிட்டால், எஃப்2ஏ வரிசை முதலில் வந்தால் அந்த வழியில் போகலாம். குடியுரிமை முதலில் வந்தால், அதே மனு ‘நெருங்கிய உறவினர்’ வகைக்கு மாறிவிடும். குடியுரிமைச் சான்றின் நகலை அனுப்பித் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனவே அழைப்பைப் பொறுத்தவரை, இதுவா அதுவா என்று யோசித்து நாளைக் கடத்தத் தேவையில்லை. மனுவை இன்றே போடுவது, தகுதி வந்ததும் குடியுரிமையைப் பற்றி முடிவெடுப்பது. இதுவே சரியான முறை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எஃப்2ஏ வகையில் தாயின் மனுவோடு பிள்ளையும் சேர்ந்து போகலாம். கணவர் குடிமகன் ஆனதும் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மனு போட வேண்டும். மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளை இருந்தால் இதை மறக்கவே கூடாது. தாய் விமானம் ஏற, பிள்ளை இங்கே நின்றுவிடும்.

குடியுரிமை வாங்கினால் இங்கே போவது என்ன?

மனைவியை விரைவாக அழைக்க மட்டுமே குடியுரிமை வாங்குவதா என்பதைத் தனியாக எடைபோட வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற உடனே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஓசிஐ அட்டை பெறலாம். வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. கிரீன் கார்டுக்காரர் இந்தியக் குடிமகன்தான். பெயரைச் சேர்த்துக்கொண்டு நம் ராஜபாளையம் தொகுதியில் நேரில் வந்து வாக்களிக்கலாம். ஓசிஐ அட்டைக்காரர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அத்தா வழியில் வாரிசாக வரும் வயலும் மாந்தோப்பும் வரும். முன்பே தன் பெயரில் உள்ளதும் இருக்கும். புதிதாக ஒரு குழி நிலமும் வாங்க முடியாது.

மறுபுறம், பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளக் குடிமகனால்தான் முடியும். கிரீன் கார்டுக்காரரால் முடியாது. முதுமையில் பெற்றோரைக் கவனிக்க ஒரு வருடம் ஊரில் தங்க வேண்டுமென்றாலும், கிரீன் கார்டுக்காரர் அதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். ஓசிஐ வைத்திருக்கும் குடிமகனுக்கு அந்தக் கவலை இல்லை. பத்து வருடத்தில் ஊர் திரும்புவதே எண்ணம் என்றால் கிரீன் கார்டு போதும். அங்கேயே வேரூன்றுவது என்றால் குடியுரிமையில் பாதுகாப்பு அதிகம். கணவர் குடிமகன் ஆகிவிட்டார் என்பதற்காக மனைவியும் ஆக வேண்டும் என்றில்லை. அவர் விரும்பினால், கிரீன் கார்டு பெற்று குடிமகனான கணவரோடு மூன்று ஆண்டுகள் வாழ்ந்த பின் விண்ணப்பிக்கலாம்.

இலங்கையிலோ மலேசியாவிலோ பெண் எடுத்து இங்கே அழைத்துவந்தவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. இந்தியாவில் கிரீன் கார்டு போல ஒன்று இல்லை. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்தால் மனைவி ஓசிஐ கோரலாம். விவாகரத்தானால் அது ரத்தாகும். குடியுரிமை கேட்க, ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் ஓசிஐ இல்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு

மனைவியை அழைக்கும் கணவர் ஐ-864 என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க வறுமை வரம்பில் 125 சதவீத வருமானம் காட்டி, மனைவியின் வாழ்க்கைச் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்தம் அது. மனைவி குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் பத்து ஆண்டு வேலைக் கணக்குச் சேரும்வரை அது நிற்கும். விவாகரத்தால் மட்டும் முடிந்துவிடாது. நஃபகா கணவரின் கடமை என்று படித்த நமக்கு இது அந்நியமான கருத்தல்ல. அந்தத் தாளின் நகல் பெண்ணிடம் இருக்கட்டும்.

மணமாகி இரண்டு ஆண்டு முடியுமுன் அங்கே போனால் மனைவிக்கு இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்க வேண்டும். கொடுமை நடந்தாலோ மணவாழ்வு முறிந்தாலோ மனைவி தனியாகவும் விண்ணப்பிக்கலாம். கணவரால் கொடுமைக்குள்ளாகும் மனைவி, அவர் குடிமகனாக இருந்தாலும் கிரீன் கார்டுக்காரராக இருந்தாலும், அவருக்குத் தெரியாமலே தன் பெயரில் மனுச்செய்யச் சட்டம் இடம் தருகிறது. “கார்டை ரத்து செய்துவிடுவேன்” என்ற மிரட்டலுக்கு நம் பெண் பிள்ளைகள் பயந்து வாயடைத்துப் போக வேண்டாம். பாஸ்போர்ட், திருமணச் சான்று அசல் இரண்டும் பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும்.

கணவர் போருக்குப் போன ஒரு பெண்ணின் தனிமைத் துயரை இரவு நகர்வலத்தில் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கலந்து பேசி, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. இஸ்லாமிய அரசின் காவலுக்குப் போனவருக்கே எல்லை இருந்தது. காத்திருக்கும் காலத்தை மறைத்து நிக்காஹ் பேசுவது நியாயமாகாது.

ஆகவே நிச்சயத்துக்கு முன் மூன்று தேதிகளையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. பெண்ணிடமும் காட்டி, அவர் புரிந்துகொண்டு சம்மதிக்கட்டும். சட்டங்களும் கட்டணங்களும் மாறுபவை; மனு போடுமுன் அமெரிக்க அரசின் குடியேற்றத் துறை இணையதளத்தையும், அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞரையும் கேளுங்கள். “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது” என்னும் ஏஜெண்டுகளிடம் பணம் கட்ட வேண்டாம். சார்பதிவாளர் பதிவுக்கான தாள்களைச் சரிபார்க்க நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், இன்ஷா அல்லாஹ், உடனிருந்து உதவுகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்லறத்தில் பரக்கத் செய்வானாக. பிரிந்திருக்கும் குடும்பங்களை விரைவில் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.

செயலாளர்