வயலை அறியாதவர்

சாந்தோக்ய உபநிஷதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு சிறிய உவமை வருகிறது. நிலத்தடியில் பொற்புதையல் கிடக்கிறது. அந்த நிலத்தின் இயல்பை அறியாதவர்கள் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் நடந்து செல்கின்றனர், பொன்னை அடைவதில்லை. அவ்வாறே உயிர்கள் அனைத்தும் நாள்தோறும் ஆழ்ந்த உறக்கத்தில் பிரம்ம நிலையைச் சென்று சேர்ந்தும், பொய்மையால் மறைக்கப்பட்டு, அதை அறியாமலே திரும்பி வருகின்றன என்று உபநிஷதம் தொடர்கிறது. அந்த மனிதர்களுக்கு அது சூட்டும் பெயர் 'அக்ஷேத்ரஜ்ஞர்'. க்ஷேத்ரம் என்றால் நிலம், வயல். ஆகவே வயலை அறியாதவர் என்பது பொருள்.

கர்நாடகத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய கோலார் சுரங்க நகரத்தைத் தமிழ் மக்கள் 'தங்கவயல்' என்றே அழைத்து வந்துள்ளனர். உபநிஷத ரிஷி இவ்வூரை நினைத்துப் பாடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவர் கூறிய உவமையை ஓர் ஊரின் வரலாறு இவ்வளவு நெருக்கமாக விளக்கிக் காட்டுவது அரிது.

1802-ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, இப்பகுதியில் பொன் கிடைப்பதாகச் செவிவழிச் செய்தி கேட்டார். தகவல் தருவோருக்குப் பரிசு அளிப்பதாக அறிவித்தார். உரிகம் கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரே அதைக் கழுவிப் பொன் துகள்களை எடுத்துக் காட்டினர். வாரன் அறிக்கை எழுதினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நிகழவில்லை. 1871-இல் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் படைவீரர் பழைய அறிக்கையைப் படித்துவிட்டு இங்கு வந்தார். 1873-இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, பின்னர் உரிமம் பெற்றார். பின்னர் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் பொறுப்பேற்றது. பணம் கரைந்தது, பொன் அகப்படவில்லை. நிறுவனத்தைக் கலைத்துவிடலாம் என்று பங்குதாரர் சிலர் கருதிய வேளையில், முன்னோர் தோண்டி விட்டுச்சென்ற பழங்குழிகளின் தடத்தைப் பற்றிக்கொண்டு இறங்கியபோதுதான் 'சாம்பியன்' எனப் பெயர்பெற்ற வளமான பொற்படிவம் தென்பட்டது. அதுவரை எல்லாரும் அதன் மேல்தான் நடந்துகொண்டிருந்தனர்.

சங்கரர் இயற்றியதாகப் போற்றப்படும் விவேகசூடாமணி இதே உவமையை இன்னும் விரிவாக எடுத்தாள்கிறது. புதையலின் பெயரைச் சொல்லி 'வெளியே வா' என்று கூவினால் அது வராது. இடம் அறிந்தவரின் நம்பத்தகுந்த சொல் வேண்டும், தோண்ட வேண்டும், மேலே கிடக்கும் கற்களை அகற்ற வேண்டும், இறுதியில் கைநீட்டி எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆன்ம தத்துவமும் அப்படியே. பிரம்மத்தை அறிந்தவரின் உபதேசம், மனனம், தியானம் ஆகியவற்றால் அடையத்தக்கது, கோணல் வாதங்களால் அன்று என்பது அச்சுலோகத்தின் கருத்து. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நூல் வாதத்தைப் பழிக்கவில்லை; கோணல் வாதத்தையே பழிக்கிறது. மனனம் என்பதே யுக்தியைக் கொண்டு ஆராய்வதுதானே!

'ஆன்மா மனத்துக்கும் வாக்குக்கும் அப்பாற்பட்டது; ஆகவே படிப்பும் ஆராய்ச்சியும் வீண்' என்று சொல்லிக்கொண்டு சோம்பியிருக்கும் சாதகர்கள் எக்காலத்திலும் உண்டு. தோண்டாமலே 'பொன் கடப்பாரைக்கு எட்டாதது' என்று முடிவு கட்டுபவரை ஒத்தவர்கள் இவர்கள். மறுபுறம், வாரனின் அறிக்கையை மனப்பாடம் செய்துவிட்டு, கையில் பொன் இருப்பதாக எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. சாந்தோக்யத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் நாரதரிடம் அந்த மயக்கம் இல்லை. நான்கு வேதங்கள், இதிகாச புராணம், கணிதம், தர்க்கம் என்று தாம் கற்ற கலைகளை நீண்ட பட்டியலாக அடுக்கிவிட்டு, 'மந்திரங்களை அறிந்தேன், ஆன்மாவை அறியவில்லை, துயரில் இருக்கிறேன்' என்ற கருத்தில் அவர் பேசுகிறார். சனத்குமாரர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நீ கற்றவை அனைத்தும் பெயரே என்று சொல்லி, அந்தப் பெயரிலிருந்தே தொடங்கிப் படிப்படியாக மேலே அழைத்துச் செல்கிறார். கற்றது தடையாகவில்லை, அதுவே முதற்படி ஆயிற்று.

தங்கவயலில் படித்தவர்கள்

தங்கவயலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுள் பெரும்பாலோர் சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் தமது வார இதழைத் தொடங்கினார். அதன் எதிரொலி மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வலுவாக எழுந்தது. சுரங்கத் தொழிலாளர் நடுவே பௌத்த சங்கம் அமைந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பதிப்பகம் இங்கிருந்தே அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. அயோத்திதாசர் 1914-இல் மறைந்த பின்னர், 1926-இல் 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சென்னையில் அறிவியல் பேராசிரியராக விளங்கிய பி. லட்சுமி நரசு, 1907-இல் வெளியிட்ட தமது ஆங்கில நூலில் பௌத்தத்தைப் பகுத்தறிவுக்கு இயைந்த நெறியாக நிறுவினார். இவ்வியக்கத்தின் சிந்தனையில் அவருக்குப் பெரும் இடமுண்டு.

வேதத்தைக் காதால் கேட்கவும் உரிமையில்லை என்று பல நூற்றாண்டுகள் சொல்லப்பட்ட மக்களிடம், 'எண்ணத்தைக் கடந்து நில்' என்று தொடங்குவது நியாயமாகாது. எண்ணுவதற்கே வழி மறுக்கப்பட்டவருக்கு முதலில் வேண்டியது நூலும் கேள்வியும் வாதமும். தங்கவயல் பௌத்தர்கள் அதைத்தான் செய்தனர். இரவும் பகலும் பணிமுறை மாறி மாறி வரும் வாழ்க்கையில், அவர்கள் அச்சகம் நடத்தினர், இதழ் படித்தனர், விவாதித்தனர். எண்ணத்தின் எல்லையைப் பற்றிப் பேசும் வேதாந்திகள் இந்த உண்மையை மறந்துவிடலாகாது.

அவர்கள் ஏற்ற புத்தரின் போதனையிலேயே எண்ணத்தின் எல்லை பற்றிய மிகக் கூர்மையான பாடமும் அடங்கியிருந்தது. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு, உலகம் நித்தியமா அநித்தியமா, முடிவுள்ளதா முடிவற்றதா, உயிரும் உடலும் ஒன்றா வேறா, ததாகதர் இறப்புக்குப் பின் இருப்பாரா இல்லையா என்று கேட்டு, விடை தராவிட்டால் துறவை விட்டுவிடுவதாகக் கூறினார். புத்தர் விடை தரவில்லை. நச்சு அம்பு தைத்த ஒருவன், எய்தவன் யார், எந்தக் குலம், வில் எம்மரத்தால் ஆனது என்றெல்லாம் அறியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால், அறிவதற்கு முன்பே மாண்டுபோவான் என்று மட்டும் சொன்னார். வச்சகோத்தர் கேட்டபோது இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அணைந்த நெருப்பு கிழக்கே சென்றதா, மேற்கே சென்றதா? கேள்வியே பொருந்தாது. விடை தெரியாததால் எழுந்த மௌனம் அன்று இது. கேள்வியின் கட்டமைப்பே பிழை என்று காட்டும் மௌனம்.

இதனைக் கொண்டு பௌத்தமும் அத்வைதமும் ஒன்றே எனச் சிலர் எளிதாக முடித்துவிடுகின்றனர். அது சரியன்று. நிலையான ஆன்மா என்ற கொள்கையைப் பௌத்தம் ஏற்பதில்லை. அத்வைதத்துக்கோ அதுவே உயிர்நாடி. இரண்டு வீடுகளின் வாசல்கள் ஒன்றுபோல் இருப்பதால் வீடுகள் ஒன்றாகிவிடா. எனினும் கருத்துகளை அடுக்கி உண்மையைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை இரண்டும் வாசலிலேயே இறக்கி வைக்கச் சொல்கின்றன.

காணப்படாததும் காண்பவனும்

அனுமானம் என்னும் பிரமாணத்தின் வலிமையையும் தங்கவயல் உலகுக்குக் காட்டியிருக்கிறது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் அறிஞர்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவியது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடுவதே நோக்கம். மேற்பரப்பில் பிற துகள்களின் மழை ஓயாது பொழிவதால் அங்கே அதைக் கண்டறிய இயலாது. ஆழத்தில் பாறை அம்மழையைத் தடுத்துவிடும். அப்போதும் நியூட்ரினோவைக் கருவி நேரே காண்பதில்லை. அது பாறையில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகளின் தடமே பதிவாகிறது. மேலிருந்து ஊடுருவி வரும் மியூவான்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே வரும். கிடைமட்டமாக வருவதென்றால் அது கடக்க வேண்டிய பாறையின் தடிமன் மிகப் பெரிது. ஆகவே கிடைமட்டத் தடம் ஒன்று பதிந்தால், அது அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோவால் பிறந்ததே என்று துணியலாம். 1965-இல் அத்தகைய தடங்கள் இங்கு பதிவாயின. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு கண்டது.

புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் நையாயிகர் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் இத்தனை நுட்பமான அனுமானமும் 'காணப்படும் பொருள்' என்ற எல்லைக்குள்தான் இயங்குகிறது. துகள் எத்தனை நுண்ணியதாயினும் அது அறியப்படுவது, அறிபவன் வேறு. அறிபவனையே அறிய வேண்டுமானால் எந்தத் தடத்தைக் கொண்டு ஊகிப்பது? ஊகிப்பவனே அவன் அல்லவா? அறிபவனை எதனால் அறிவது என்று யாக்ஞவல்கியர் மைத்ரேயியிடம் கேட்டதன் உட்கருத்து இதுவே. சுரங்கத்தில் இறங்குபவனுக்குப் பாறையைக் காண விளக்கு வேண்டும். விளக்கைக் காண இன்னொரு விளக்கு வேண்டியதில்லை.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. மனம் அதை எண்ண இயலாது என்கிறது கேனம். மனத்தாலேயே அதைக் காண வேண்டும் என்கிறது பிருகதாரண்யகம். இரண்டும் சுருதியே. இந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் பிற்கால அத்வைதம் இரு கிளைகளாகப் பிரிந்தது. வாசஸ்பதி மிச்ரரின் பாமதியைப் பின்பற்றுவோர், சொல் தருவது பரோக்ஷ ஞானமே. தியானத்தால் பண்பட்ட மனமே நேரடி ஞானத்தின் கருவி என்பர். பிரகாசாத்மரின் விவரணத்தைப் பின்பற்றுவோர், தகுதியுள்ளவனுக்கு மகாவாக்கியமே நேரடி ஞானம் தரும் என்பர். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒருவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் மூழ்கினான் என்று அழுகிறான். 'பத்தாமவன் நீயே' என்று வழிப்போக்கன் சொல்கிறான். அச்சொல்லைக் கேட்டபின் அவன் தியானம் செய்ய வேண்டியதில்லை. சொல் தொலைவிலுள்ள பொருளைப் பற்றியதாயின் கருத்தைத் தரும். கேட்பவனைப் பற்றியதாயின் அவனையே தரும். வாதத்தின் கூர்மையில் விவரணக் கிளையே மேலோங்குகிறது. ஆனால் பலகால் கேட்டும் பத்தாமவனாகாத சாதகர்களுக்குப் பாமதியின் எச்சரிக்கை கைகொடுக்கும்.

எவ்வாறாயினும் கடைசியில் எழும் அந்த மனவிருத்தியும் ஓர் எண்ணமே. அறியாமையை நீக்கியபின் அது எங்கே போகிறது? கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து இடும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. சேற்றைப் படியவைத்து, தானும் அடியில் படிந்துவிடுகிறது தேற்றாங்கொட்டை. ஆன்மபோதம் காட்டும் உவமை இது. கரை சேர்ந்தபின் தெப்பத்தைத் தலையில் சுமக்க வேண்டாம் என்று புத்தர் சொன்னதும் நினைவுக்கு வருகிறது.

தங்கவயல் உவமை ஓரிடத்தில் முறிந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொன் தாதுவைத் தோண்டி அடைய வேண்டும், பொடியாக்கி மாற்ற வேண்டும், சயனைடு கரைசலில் பிரித்து உருவாக்க வேண்டும், பின் தூய்மைப்படுத்த வேண்டும். செயலின் பலன் இந்நான்கு வகையுள் ஒன்றாகவே அமையும் என்பது சங்கரரின் கூற்று. மோட்சம் இவற்றுள் எதுவுமன்று என்பதும் அவருடைய உறுதியான முடிபு. அது ஏற்கெனவே உள்ளது. தங்கவயலின் பொன்னோ தீரக்கூடியது. சுமார் 800 டன் பொன்னைத் தந்தபின், மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் பாறைகளிடையே எடுக்கும் செலவு கிடைக்கும் பொன்னின் மதிப்பை மிஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பல தலைமுறைகளின் உழைப்புக்குச் சாட்சியாகச் சயனைடு கழிவு மேடுகள் எஞ்சின.

பிரம்மசூத்திர பாஷ்யத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் சங்கரர் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். பாஷ்கலி என்பவர் பாத்வரை அணுகி, பிரம்மத்தை உபதேசிக்குமாறு வேண்டினார். பாத்வர் பேசவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்ட பிறகு, 'உபதேசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீர்தான் அறிந்துகொள்ளவில்லை. இந்த ஆன்மா அமைதியே' என்ற பொருள்பட மறுமொழி கூறினார். பாஷ்கலி அதன்பின் என்ன கேட்டார் என்று சங்கரர் எழுதவில்லை.