வார்த்தை விளக்கம்: புரோபேஷன்



“மகனுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது, ஆனால் இன்னும் புரோபேஷன்தான்” என்று தாய்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும், யாரோ குற்றம் பிடிக்கக் காத்திருப்பது போல. அந்த வார்த்தையின் அர்த்தத்தை அறிந்தால் இந்தப் பயம் பாதி தீரும்.

இது லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. அதில் ‘புரோபுஸ்’ என்றால் நல்லவன், நேர்மையுள்ளவன். அதிலிருந்து பிறந்த ‘புரோபாரே’ என்னும் வினைக்குச் சோதித்துப் பார்த்தல், நல்லதென்று கண்டு ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய இரண்டு அர்த்தமும் உண்டு. தட்டான் பொன்னை உரைகல்லில் உரைப்பது அதைப் பழிக்கவா? அல்ல, அதன் மாற்றை அறியவே.

இவ்வார்த்தை மூன்று இடங்களில் வழங்குகிறது.

முதலாவது, துறவற மடம். 6-ம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் எழுதிய மட ஒழுங்கின் 58-ம் அதிகாரம், சேர வருகிறவனை எளிதில் சேர்க்கலாகாது என்கிறது. நாலைந்து நாள் வாசலில் காத்திருந்து உள்ளே வந்தவனுக்கு 2 மாதம், பின் 6 மாதம், பின் 4 மாதம் என்று மூன்று தவணை சென்றதும் ஒழுங்கு வாசித்துக் காட்டப்படும். அனுசரிக்க முடியாதென்று கண்டால் தடையின்றிப் போகலாம். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படியும் நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம். அதற்குள் விலகிக்கொள்ளப் பூரண சுதந்தரம் உண்டு.

இரண்டாவது, உத்தியோகம். தமிழில் இதைத் ‘தகுதிகாண் பருவம்’ என்கிறோம். இது ‘அப்ரண்டிஸ்’ என்பதற்குச் சமமல்ல. அவன் தொழில் பழகுகிறவன், இவனோ நியமனம் பெற்றவன். இந்தப் பருவத்தில் ஒருவரை வேலைக்குப் பொருத்தமில்லையென்று நிறுத்தலாம். ஆனால் அரசாங்க ஊழியரைக் குற்றஞ்சாட்டித் தண்டனையாக விலக்குவதானால், பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டுமென்று 1957-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பொருத்தமின்மை வேறு, குற்றம் வேறு.

மூன்றாவது, நியாயஸ்தலம். 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜான் அகஸ்டஸ் என்னும் பூட்ஸ் தைக்கும் தொழிலாளி, கோர்ட்டில் நின்ற ஒரு குடிகாரனுக்கு ஜாமீன் நின்றார். மூன்று வாரங்கழித்து அவன் தெளிந்த மனிதனாகத் திரும்பி வந்தான். சிறைக்குப் பதிலாக ஒரு சென்ட் அபராதமும் கோர்ட் செலவுமே விதிக்கப்பட்டன. 1859-ல் மரிக்கும்வரை அவர் ஏறக்குறைய 2,000 பேருக்கு இப்படி உதவினார். நம் நாட்டிலும் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, மரணமோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாதவற்றில், நன்னடத்தைக்கு எழுதி வாங்கிக்கொண்டு 3 வருஷத்துக்கு மேற்படாத தவணையில் கோர்ட் ஒருவரை விடுவிக்கலாம்.

ஆக, மூன்றிடத்திலும் தேடப்படுவது நன்மைதான். அதோடு, சோதனை என்றால் ‘ஆம்’ என்றும் வரலாம், ‘இல்லை’ என்றும் வரலாம். ‘இல்லை’ என்பது அவமானமானால் அது சோதனையே அல்ல, பொறி.

அப்படியிருக்க, நாம் செய்வதென்ன? நவசந்நியாசத்திலிருந்து வீடு திரும்பிய பெண்ணைப் பார்த்து, “மடத்தைவிட்டு ஓடி வந்தவள்” என்கிறோம். அவளுக்கு வந்த வரனையும் கலைத்துவிடுகிறோம். திருச்சபையே திறந்து வைத்த வாசல் வழியாகத்தானே அவள் வந்தாள்? வேலை நிலைக்காத வாலிபனை உதவாக்கரை என்கிறோம். கோர்ட் நம்பி அனுப்பிய பையனை நாம் திண்ணையில்கூட உட்காரவிடுவதில்லை.

இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் தெருவழியே போனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வாய் காப்பி கொடுங்கள். புரோபேஷன் என்ற வார்த்தையின் அர்த்தம் அப்போதுதான் நமக்கு விளங்கியதாகும்.