பேதுரு ஏன் காலை நீட்ட மறுத்தார்?

கேள்வி: ஐயா, திருவண்ணாமலையில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். கதை நடுவிலேயே, "கூரையைப் பிரிச்சா வீட்டுக்காரர் திட்ட மாட்டாரா?", "இயேசு ஏன் மத்தவங்க காலைக் கழுவினாரு?" என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து வழக்கங்களை விளக்கப்போனால் கதை நின்றுவிடுகிறது. விட்டுவிட்டால் புரியாமல் விழிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கேள்வி கேட்கிற பிள்ளை கதைக்குள் வந்துவிட்டது என்று பொருள். வேதாகமத்து வழக்கங்கள் பல உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவைதான். அவற்றை நினைவுபடுத்துங்கள். பிறகு, எந்த இடத்தில் அவர்கள் வழக்கமும் நம் வழக்கமும் பிரிகின்றன என்று காட்டுங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம்.

கால் கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வருகிறவர்களின் பாதத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். செருப்புப் போட்டு நடந்தாலும் அன்றைய யூதேயா சாலையில் கால் அப்படித்தான் புழுதி ஏறும். அதனால் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். சில வீடுகளில் வேலைக்காரர் கழுவிவிடுவார். இதற்குப் பின், "நம்ம ஊர்ல யார் காலை யார் கழுவுவாங்க?" என்று கேளுங்கள். பாத பூஜையைப் பார்த்த பிள்ளை, பெரியவர் காலைச் சின்னவர் கழுவுவார் என்று சொல்லும். யோவான் 13-இல் குருவே சீடர்களின் காலைக் கழுவுகிறார். பேதுரு ஏன் மறுத்தார் என்று அப்போது நீங்கள் விளக்கவே வேண்டாம். பெரிய வியாழன் அன்று கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் மக்களின் பாதம் கழுவும் சடங்கையும் சொல்லலாம்.

பத்துக் கன்னிகைகள் கதைக்கு மாட வீதியே பாடம். சுவாமி புறப்பாட்டில் தீவட்டி பிடிப்பவர் கூடவே எண்ணெயும் வரும். துணி கருகத் தொடங்கினால் ஊற்றுவார்கள். மாப்பிள்ளை வரத் தாமதமானால் கைவசம் எண்ணெய் இல்லாதவர்கள் பாடு என்ன ஆகும் என்பது உடனே விளங்கிவிடும். அங்கே எரிந்தது ஒலிவ எண்ணெய் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூரைக் கேள்விக்கு நேரான விளக்கமே போதும். நம் பிள்ளைகள் கான்கிரீட் மாடியை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வீடுகளின் தட்டையான கூரை, மர உத்திரத்தின் மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியது. வெளியே படி இருக்கும். பிரிக்கலாம், திரும்பப் பூசலாம். கூரை வீட்டை வேய்ந்து பார்த்த தாத்தா பாட்டி இருந்தால், அவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது, பார்க்க ஒன்றுபோல் இருந்தும் பொருள் மாறுகிற இடங்களில்தான். நினிவே ராஜா சாம்பலில் உட்கார்ந்தார் என்றதும் பிள்ளைகளுக்கு விபூதி நினைவு வரும். அங்கே சாம்பலும் முரட்டுத் துணியும் துக்கத்துக்கும் மனம் வருந்துவதற்கும் அடையாளம். பக்கத்து வீட்டுத் தோழன் நெற்றியில் இடுவது அவன் குடும்பத்துக்குப் புனிதமானது. இரண்டும் வேறு என்று மரியாதையோடு சொல்லிவிடுங்கள். ஒன்றை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்திப் பேச வேண்டாம். பிள்ளை அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லும். யூதாஸின் முத்தமும் இந்த வகைதான். குருவை முத்தமிட்டு வாழ்த்துவது அங்கே மரியாதை, நாம் வணக்கம் சொல்வதைப் போல. அந்த மரியாதையையே காட்டிக்கொடுக்கும் அடையாளமாக்கியதுதான் கொடுமை.

அதற்காக அப்பத்தை இட்லியாகவும் யோர்தானைத் தென்பெண்ணையாகவும் மாற்றிவிடாதீர்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் அந்த நாட்டுக்குத் தமிழ் நிலத்தின் அழகை ஏற்றிப் பாடினார். அது காவியம், படிப்பவர் பெரியவர். ஆறு வயதுப் பிள்ளைக்கோ அங்கே எது, இங்கே எது என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஒரு கதைக்கு ஒரு வழக்கம் போதும். எது புரியாவிட்டால் கதையே புரியாதோ, அதை மட்டும் எடுங்கள். கதையைத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு சொம்புத் தண்ணீரோ அகல் விளக்கோ வைத்து, இரண்டு நிமிடம் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். பிறகு நிறுத்தாமல் கதையைச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவைத்து, முடிந்ததும் பதில் சொல்லுங்கள். தெரியாததை அடுத்த ஞாயிறு படித்துவந்து சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை வளர்ந்த பிறகும் வேதத்தைக் கேள்வியோடு திறக்கும்.