மளிகைக் கடனுக்கு உழவர் கடன் அட்டை

கொல்லிமலை திருப்புலி நாட்டில் மிளகும் காபியும் விலையாகும்வரை உரமும் மளிகையும் பெரும்பாலும் கடைக்கடன்தான். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். 20,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7,200 ரூபாய் வட்டியிலேயே போய்விடும்.

1998இல் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை, இதற்கு நல்ல மாற்று. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 7 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. வணிக வங்கியில் 3 லட்சம் வரை, உரிய காலத்தில் கட்டுவோருக்கு 4 சதவீதம்.

பயிர்க்கடனை அப்படியே கடைக்காரரிடம் கொடுப்பது தவறு. பயிர்ச் செலவுக்கான தொகையுடன் வீட்டுச் செலவுக்கென 10 சதவீதம் சேர்த்தே அட்டையின் வரம்பு கணக்கிடப்படுகிறது. ஒரு லட்சத்துக்கு 10,000 ரூபாய். பழைய பாக்கிக்கு அந்தப் பங்கு உதவும். உரத்தை அட்டையிலேயே வாங்கினால் புதுக் கடைக்கடன் ஏறாது.

பாக்கி தீர்ந்ததும் கடை நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, ‘வரவு, பாக்கி இல்லை’ என்று தேதியுடன் கையெழுத்து வாங்க வேண்டும். புரோநோட்டு கொடுத்திருந்தால் அதையும் கையோடு திரும்பப் பெறுவது கட்டாயம்.

தவணை தேதி தாண்டினால் வட்டிச் சலுகை போய்விடும். மிளகு விற்ற பணத்தில் முதல் பங்கு சங்கத்துக்கே போகட்டும்.